பிரிண்டர் டிரைவர் சிடியைத் தூக்கிப் போடலாமா?

பெங்களூரில் அல்சூர், ஸ்ரீராம்புரம், விவேக்நகர் பக்கத்து ஜெராக்ஸ் கடைகளில் இன்றும் மேஜைமேல் அடிக்கடி தென்படுவது இரண்டு மெஷின்கள்: கேனன் எல்பிபி 2900பி, ஹெச்பி லேசர்ஜெட் 1020. டோனர் எத்தனையோ முறை மாற்றியாயிற்று, ரோலர் தேய்ந்து புதிது போட்டாயிற்று, இன்னும் தாள் தள்ளிக்கொண்டிருக்கின்றன. எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டுக்குப் போனால் பிக்கப் ரோலரும் கிடைக்கும், டோனரைச் சூட்டால் தாளில் ஒட்டவைக்கும் ஃபியூசரின் ஃபிலிமும் கிடைக்கும், மாட்டிக்கொடுக்க ஆளும் கிடைப்பார். ஆக, மெஷின் இப்போதைக்குச் சாகாது. முதலில் போகப்போவது அதைக் கம்ப்யூட்டரிலிருந்து ஓட்டும் மென்பொருளான டிரைவர்தான்.

பிரிண்டர் கம்பெனிகள் எழுதித்தரும் டிரைவர்களைப் படிப்படியாகக் கைவிடப் போவதாக மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் அறிவித்தது. அந்த அட்டவணைப்படி, 2026 ஜூலையிலிருந்து ஒரு பிரிண்டருக்கு இரண்டு டிரைவர் பொருந்தினால் விண்டோஸ் தன் சொந்த ஐபிபி (பல கம்பெனிப் பிரிண்டர்களுக்கும் பொதுவான அச்சு மொழி) டிரைவரைத்தான் முதலில் எடுக்கும். 2027 ஜூலைக்குப் பிறகு கம்பெனி டிரைவர்களுக்கு விண்டோஸ் அப்டேட் வழியாகப் பாதுகாப்புத் திருத்தம் மட்டுமே வரும். கம்பெனியின் தளத்திலிருந்து இறக்கி நாமே இன்ஸ்டால் செய்வதற்குத் தடை இல்லை. ஆகவே நாளைக்கே கடை நின்றுவிடாது. ஆனால் 2900பி மாதிரி மெஷினுக்கு இனி யாரும் புது டிரைவர் எழுதப்போவதில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

லினக்ஸ் பக்கமும் இதே திசைதான். லினக்ஸிலும் மேக்கிலும் அச்சுவேலையைக் கவனிப்பது கப்ஸ். மைக்கேல் ஸ்வீட் எழுதி 1999-ல் வெளிவந்தது, 2002-ல் ஆப்பிள் மேக்கில் சேர்த்துக்கொண்டது. 2019 கடைசியில் அவர் ஆப்பிளை விட்டு விலகியபின், லினக்ஸுக்கான கப்ஸ் ஓபன்பிரிண்டிங் குழுவின் கைக்கு வந்தது. அடுத்த பெரிய பதிப்பான கப்ஸ் 3-ல் பிரிண்டரின் திறன்களை விவரிக்கும் பிபிடி கோப்புகளுக்கும் பழைய பாணி டிரைவர்களுக்கும் இடமே கிடையாது.

எதற்காக இந்த அவசரம்

2021 கோடையில் வந்த பிரிண்ட்நைட்மேர் ஓட்டை நினைவிருக்கும். விண்டோஸில் அச்சு வேலைகளை வரிசைப்படுத்தும் சேவையான ஸ்பூலர், "சிஸ்டம்" என்ற உச்ச அனுமதியோடு ஓடுகிறது. பிரிண்டர் டிரைவர் என்ற பெயரில் சாதாரண யூசர் டிஎல்எல் என்ற நிரல் கோப்பு ஒன்றைக் கொடுத்தாலும் அதே உச்ச அனுமதியோடு அதை ஏற்றி ஓட்டியது. அடைக்க அடைக்கப் புது ஓட்டை வந்தது. கடைசியில் 2021 ஆகஸ்ட் அப்டேட்டில், நெட்வொர்க் பிரிண்டரின் டிரைவரை அட்மின் மட்டுமே போடலாம் என்று பூட்டிவிட்டார்கள்.

அதன் பின்விளைவுதான் சின்ன ஆபீஸ்களைப் படுத்தும் ஷேரிங் தொல்லை. ஒரு கம்ப்யூட்டரில் யுஎஸ்பி பிரிண்டர், மற்ற மூன்று கம்ப்யூட்டர்களில் ஷேர் என்று ஓடிக்கொண்டிருந்த ஏற்பாடு ஒருநாள் 11பி என்று முடியும் எரரைக் காட்டும், இல்லாவிட்டால் 709 என்று முடியும் எரரைக் காட்டும். முதலாவது 2021 செப்டம்பர் வாக்கில் கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று வேலை வாங்கும் ஆர்பிசி இணைப்புக்குக் கட்டாயமான கூடுதல் பாதுகாப்பால் வந்தது. இரண்டாவது, விண்டோஸ் 11-ன் 22எச்2 பதிப்பு பழைய நேம்டு பைப் வழியை விட்டு டிசிபி வழிக்கு மாறியதால் பல இடங்களில் வந்தது. யூடியூபில் முதலாவதற்குச் சொல்லும் வைத்தியம் ரெஜிஸ்ட்ரியில் ஒரு எண்ணைப் பூஜ்யமாக்குவது. வேலை செய்யும். ஆனால் அது ஓட்டையை மறுபடி திறந்துவிட்டு அச்சடிப்பது. யார் யாரோ கொண்டுவரும் பென்டிரைவைச் செருகும் கடைக் கம்ப்யூட்டரில் அதைச் செய்யாதீர்கள். விண்டோஸ் ஷேரிங்கையே தவிர்ப்பதுதான் சரி. எப்படி என்பது கீழே வருகிறது.

டிரைவர் இல்லாமல் எப்படி அச்சாகிறது

முன்பு பிரிண்டரைப் பற்றிய அறிவு முழுக்க கம்ப்யூட்டரில் இருந்தது. இரண்டு பக்கமும் அடிக்குமா, எந்த அளவு தாள் ஏற்கும், எந்த மொழியில் பேச வேண்டும் என்பதெல்லாம் டிரைவருக்குத்தான் தெரியும். ஐபிபி முறையில் இந்த விவரத்தைப் பிரிண்டரே சொல்கிறது. கம்ப்யூட்டர் 631-ம் போர்ட்டில் போய் "உன் விவரத்தைச் சொல்" என்று கேட்கும். டிரேயில் இப்போது ஏற்றியிருக்கும் தாள், டூப்ளெக்ஸ் உண்டா, கலரா கறுப்பா, இங்க் மட்டம், ஏற்கும் கோப்பு வகைகள் எல்லாம் பட்டியலாகத் திரும்பி வரும். அதன்பிறகு கம்ப்யூட்டர் பக்கத்தைப் படமாக்கி, எல்லோருக்கும் பொதுவான ஒரு வடிவத்தில் அனுப்பும். ஆப்பிள் இதை 2010-ல் ஏர்பிரிண்ட் என்று கொண்டுவந்தது. அதற்கு இணையான பொதுத் தரம் 2013-ல் ஐபிபி எவ்ரிவேர் என்ற பெயரில் வந்தது. பிரிண்டர் கம்பெனிகளின் கூட்டமைப்பான மோப்ரியாவின் முத்திரை உள்ள பிரிண்டர்களும் இதே வழியில் பேசுபவைதான்.

யுஎஸ்பி வயரில் மட்டும் இணைத்த பிரிண்டருக்கும் இது பொருந்தும் என்பது பலருக்குத் தெரியாது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனில் 11-ம் பதிப்பிலிருந்து ஐபிபி-யுஎஸ்பி என்ற சேவை கூடவே வருகிறது. புதிய மாடலை யுஎஸ்பியில் செருகினால், அதை நெட்வொர்க் பிரிண்டர் போலவே கப்ஸிடம் காட்டும். பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் என்று அடித்து 60000-ம் போர்ட்டைக் கொடுத்தால் பிரிண்டரின் சொந்த செட்டிங்ஸ் பக்கமே திறக்கும். ஸ்கேனரும் பெரும்பாலும் அப்படியே வேலை செய்யும். ஒரே சிக்கல்: இந்தச் சேவை யுஎஸ்பியைத் தன் பிடியில் வைத்துக்கொள்ளும். அதே பிரிண்டருக்குக் கம்பெனி டிரைவரையும் போட்டிருந்தால் டிவைஸ் பிஸி என்று வந்து நிற்கும். இரண்டில் ஒன்றை எடுத்துவிடுங்கள். என்னைக் கேட்டால் கம்பெனி டிரைவரை.

இப்போது தொல்லை நெட்வொர்க்கில்

டிரைவர் போனபின் கோளாறும் போய்விடும் என்று நினைக்க வேண்டாம், இடம் மட்டும் மாறியிருக்கிறது. "பிரிண்டர் கிடைக்கவில்லை", "ஆஃப்லைன்" என்று வரும் புகார்களில் பெரும்பகுதி ஐபி முகவரியில் போய் நிற்கும்.

மழைக்காலத்து மாலையில் கரண்ட் போய் வருகிறது. ரூட்டரும் பிரிண்டரும் வெவ்வேறு வேகத்தில் எழுகின்றன. நேற்று 192.168.1.50-ல் இருந்த பிரிண்டர் இன்று 192.168.1.57. விண்டோஸ் பழைய முகவரியைத் தட்டிக்கொண்டே இருக்கும். தீர்வு ஐந்து நிமிட வேலை. பிரிண்டரில் கான்ஃபிகரேஷன் பக்கத்தை அச்செடுங்கள், அதில் மேக் முகவரி (பிரிண்டரின் நெட்வொர்க் அடையாள எண்) இருக்கும். ரூட்டரில் ஐபி முகவரிகளைப் பகிர்ந்தளிக்கும் டிஎச்சிபி பகுதியில் அட்ரஸ் ரிசர்வேஷன் என்ற இடத்தில் அந்த மேக் முகவரிக்கு ஒரு ஐபியை ஒதுக்குங்கள். பிரிண்டரின் பேனலிலேயே நிலையான ஐபி போடுவது இரண்டாந்தரமான வழி. ரூட்டரை மாற்றும் அன்று அது மாட்டிக்கொள்ளும்.

விண்டோஸ் தானாகக் கண்டுபிடித்துச் சேர்க்கும்போது பல நேரம், பிரிண்டரைத் தானே தேடிப்பிடிக்கும் டபிள்யூஎஸ்டி போர்ட்டைப் போட்டுவிடும். தூங்கி எழும் பிரிண்டரை இது அடிக்கடி தவறவிடும். பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ், போர்ட்ஸ் டேபுக்குப் போய்ப் பாருங்கள். டபிள்யூஎஸ்டி என்று இருந்தால் அந்தப் பிரிண்டரை நீக்கிவிட்டு, மேனுவலாகச் சேர்க்கும் வழியில் ஐபி முகவரி கொடுத்துச் சேருங்கள். விண்டோஸ் 11-ல் டிவைஸ் வகையாக ஐபிபியையே தேர்ந்தெடுக்கலாம். பழைய டிசிபி/ஐபி போர்ட்டாக இருந்து, பிரிண்டர் நன்றாகவே இயங்கியும் ஆஃப்லைன் என்று காட்டினால், கான்ஃபிகர் போர்ட் பட்டனை அழுத்துங்கள். பிரிண்டரிடம் அதன் நிலையைக் கேட்கும் எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் என்ற டிக் இருக்கும், எடுத்துவிடுங்கள். அந்தக் கேள்விக்கு பிரிண்டர் பதில் சொல்லாததை வைத்துத்தான் விண்டோஸ் அது செத்துவிட்டதாக முடிவு கட்டுகிறது.

போனில் பிரிண்டர் தெரியவில்லை என்றால் முதலில் ரூட்டர்களை எண்ணுங்கள். பெங்களூர் ஃபிளாட்களிலும் மாடி ஆபீஸ்களிலும் இன்டர்நெட் கம்பெனி கொடுத்த ரூட்டர் ஒன்று, சிக்னல் போதாது என்று வாங்கிச் செருகியது இன்னொன்று என்று இருக்கும். இரண்டாவது ரூட்டரின் வான் (WAN) போர்ட்டில் வயர் செருகியிருந்தால் அது தனி நெட்வொர்க். பிரிண்டரைத் தேடும் எம்டிஎன்எஸ் அழைப்பு 5353-ம் போர்ட்டில் அந்த நெட்வொர்க்குக்குள் மட்டும் சுற்றும், ரூட்டரைத் தாண்டாது. இரண்டாவதை ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றுங்கள். கெஸ்ட் வைஃபையிலும், ஒரு கருவிக்கு இன்னொன்று தெரியாதபடி பிரிக்கும் ஏபி ஐசோலேஷன் போட்ட வைஃபையிலும் இதே கதைதான். விலை குறைந்த பிரிண்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே பேசும் என்பதையும் மறக்க வேண்டாம். முதல்முறை இணைக்கும்போது மட்டுமாவது 5 கிகாஹெர்ட்ஸை அணைத்து வையுங்கள்.

யுபிஎஸ்ஸில் ரூட்டரை வையுங்கள், லேசர் பிரிண்டரை வைக்காதீர்கள். ஃபியூசர் சூடேறும் நொடியில் 600 விஏ யுபிஎஸ் தாங்குவதைவிட அதிகம் இழுக்கும். யுபிஎஸ் கத்திவிட்டுக் கூடவே கம்ப்யூட்டரையும் அணைத்துவிடும்.

இன்னொன்று, சின்னதுதான், ஆனால் தினமும் எரிச்சல் தருவது: கலர் பிரிண்டருக்கு அனுப்பியது லேசருக்குப் போய்விடுவது. செட்டிங்ஸில் பிரிண்டர்ஸ் பக்கத்தில் "டீஃபால்ட் பிரிண்டரை விண்டோஸே நிர்வகிக்கட்டும்" என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. அது ஆனில் இருந்தால் கடைசியாக எதில் அடித்தீர்களோ அதுவே டீஃபால்ட். அணைத்துவிடுங்கள்.

பழைய மெஷினை என்ன செய்வது

2900பி கேனனின் கேப்ட் மொழியில் பேசுவது. 1020-க்குள் நிரந்தர ஃபர்ம்வேர் கிடையாது, ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கம்ப்யூட்டரிலிருந்து ஏற்ற வேண்டும். இரண்டுக்கும் ஐபிபி தெரியாது. விண்டோஸ் 11-ன் 24எச்2-விலிருந்து புரொடெக்டட் பிரிண்ட் மோட் என்ற வசதி இருக்கிறது. பாதுகாப்பு என்று பெயரைப் பார்த்து ஆன் செய்துவிட்டால் கம்பெனி டிரைவரில் ஓடும் பிரிண்டர்கள் அத்தனையும் நீக்கப்படும், மோப்ரியா பிரிண்டர் மட்டுமே மிஞ்சும். பிறகு அணைத்தாலும் பழையவற்றை மறுபடி இன்ஸ்டால் செய்ய வேண்டியிருக்கும். புது மெஷின் மட்டும் உள்ள இடத்தில் அதை ஆன் செய்யுங்கள், நல்ல வசதிதான்.

பழைய மெஷினுக்கு நான் சிபாரிசு செய்வது, ஓரமாகக் கிடக்கும் பழைய டெஸ்க்டாப் ஒன்றில் டெபியனோ உபுண்டுவோ போட்டு அதையே பிரிண்ட் சர்வராக்குவது. 2 ஜிபி ராம் போதும். பிரிண்டர் அதன் யுஎஸ்பியில் மட்டும் இருக்கும். டிரைவர் அந்த ஒரு இடத்தில்தான். மற்ற விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கும் போன்களுக்கும் அது ஒரு சாதாரண ஐபிபி பிரிண்டராகவே தெரியும். 2021 நவம்பரில் வந்த கப்ஸ் 2.4 ஏர்பிரிண்ட், மோப்ரியா இரண்டுக்கும் ஏற்றபடி ஷேர் செய்கிறது. விண்டோஸ் ஷேரிங்கின் 11பி, 709 எல்லாம் இந்தப் பாதையில் குறுக்கே வரவே வராது.

1020-க்கு ஹெச்பிலிப் மென்பொருளும் அதன் பிளக்-இன்னும் வேண்டும். டெபியன், உபுண்டு போன்ற டிஸ்ட்ரோவோடு பிளக்-இன் வராது, தனியாக இறக்க வேண்டும், இறக்காவிட்டால் வேலை வரிசையில் நிற்கும், மெஷின் அசையாது. ஹெச்பிலிப்பின் பதிப்பு மாறும்போதெல்லாம் பிளக்-இன்னையும் மறுபடி போட வேண்டும். அப்டேட்டுக்கு மறுநாள் பிரிண்டர் நின்றால் முதலில் இதைப் பாருங்கள். 2900பிக்குக் கேனனின் லினக்ஸ் டிரைவர் இன்டெல் வகைக் கம்ப்யூட்டருக்கானது, 32-பிட் லைப்ரரிகளைக் கேட்கும். ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் அது ஓடாது. அதற்குத் தன்னார்வலர்கள் எழுதிய கேப்ட் டிரைவர் இருக்கிறது, ஆனால் தாள் தீர்ந்தபின் தொடர்வது போன்ற இடங்களில் நம்ப முடியாது. ஆகவே இந்த மெஷினுக்குப் பழைய டெஸ்க்டாப்தான். பிரதர் லேசர்கள் பலவற்றுக்கு பிஆர்லேசர் என்ற திறந்த டிரைவர் உண்டு, ராஸ்பெர்ரி பையிலும் ஓடும். பில் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ்களில் எப்சன் மொழி பேசுபவைக்கு கப்ஸோடு வரும் எப்சன் 9-பின் அல்லது 24-பின் டிரைவர் போதும்.

வைக்கும் முறை: கப்ஸையும், பிரிண்டரை நெட்வொர்க்கில் அறிவிக்கும் அவாஹியையும் இன்ஸ்டால் செய்து, உங்கள் யூசரை எல்பிஅட்மின் குரூப்பில் சேருங்கள். சேர்க்காவிட்டால் பாஸ்வேர்டு சரியாகக் கொடுத்தாலும் கதவு திறக்காது. பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட், 631-ம் போர்ட். அட்மினிஸ்ட்ரேஷன் டேபில் "இந்தக் கம்ப்யூட்டரில் உள்ள பிரிண்டர்களை ஷேர் செய்" என்ற டிக். பிரிண்டரைச் சேர்க்கும்போது அதற்கும் தனியாக ஒரு ஷேர் டிக் வரும், பலர் தவறவிடுவது அதைத்தான். பெயரில் இடைவெளி விடாதீர்கள். ஃபயர்வால் இருந்தால் 631 டிசிபியையும் 5353 யுடிபியையும் உள் நெட்வொர்க்குக்கு மட்டும் திறவுங்கள்.

கப்ஸ்-பிரவுஸ்ட் என்ற துணைச் சேவை ஓடுகிறதா என்று பார்த்து நிறுத்துங்கள். 2024 செப்டம்பரில் வெளியான ஓட்டை அதில்தான்: 631 யுடிபியில் யார் என்ன அனுப்பினாலும் நம்பி, போலிப் பிரிண்டரைச் சேர்த்துக்கொண்டது. நெட்வொர்க்கில் உள்ள பிரிண்டர்களை இப்போது கப்ஸே தேவைப்படும்போது கண்டுகொள்கிறது, சின்னக் கடைக்கு அந்தச் சேவையே வேண்டாம்.

அடுத்து எரர் பாலிசி. யுஎஸ்பி வயர் ஒருமுறை ஆடினாலோ தாள் சிக்கினாலோ கப்ஸ் அந்த வரிசையையே நிறுத்திவிடும் அமைப்பு சில இடங்களில் இருக்கும். வயரைச் சரிசெய்தபின்னும் அச்சாகாது, வெப் பக்கத்தில் போய் ரெஸ்யூம் பிரிண்டர் கொடுத்தால்தான் நகரும். பிரிண்டரின் பக்கத்தில் செட் டீஃபால்ட் ஆப்ஷன்ஸ், பாலிசீஸ் என்று போய் ரீட்ரை-ஜாப் என்று மாற்றுங்கள். வழக்கமான அமைப்பில் 30 நொடிக்கு ஒருமுறை, 5 தடவை முயலும்.

கடைக்காரர்கள் கட்டாயம் செய்ய வேண்டியது இன்னொன்று. அச்சடித்த கோப்புகளை கப்ஸ் தன்னிடம் ஒரு நாள், சரியாக 86400 நொடி, வைத்திருக்கும். வாடிக்கையாளரின் ஆதார், பான், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் அதில் கிடக்கும். கப்ஸ்டி கான்ஃப் (cupsd.conf) கோப்பில் ப்ரிசர்வ்-ஜாப்-ஃபைல்ஸ் (PreserveJobFiles) என்பதற்கு நோ என்று எழுதி, சேவையை மறுபடி தொடங்குங்கள். விண்டோஸில் பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸின் அட்வான்ஸ்டு டேபில் "அச்சான ஆவணங்களை வைத்திரு" என்ற டிக் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் ஸ்பூலரில் ஒரு வேலை "டெலீட்டிங்" என்று தொங்கினால் திரும்பத் திரும்ப டெலீட் அழுத்திப் பயனில்லை. சர்வீசஸ் போய் பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்தி, விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று இறங்கி உள்ளே இருக்கும் கோப்புகளை மட்டும் அழித்து, ஸ்பூலரைத் தொடங்குங்கள். ஃபோல்டரையே அழித்துவிடாதீர்கள்.

தாள் அளவும் தமிழ் எழுத்தும்

டிரைவர்லெஸ் பிரிண்டரில் தாள் அளவுச் சண்டை முன்பைவிட அதிகம். டிரேயில் எந்தத் தாள் என்று பிரிண்டர் நினைக்கிறதோ அதுதான் செல்லும். வாடகை ஒப்பந்தம் அடிக்க லீகல் தாளை வைத்துவிட்டு, பேனலில் ஏ4 என்றே விட்டால் "தாளை ஏற்று" என்று விளக்கு மினுக்கும், அல்லது கீழ்ப்பகுதி வெட்டுப்படும். ஏ4 210 x 297 மிமீ, லீகல் 216 x 356, எஃப்எஸ் என்று கடைகளில் கேட்கும் ஃபூல்ஸ்கேப் ஏறத்தாழ 216 x 330. அமெரிக்க லெட்டர் 216 x 279, இது ஏ4 போலவே தெரிந்து ஏமாற்றும். வெளிநாட்டு பிடிஎஃப்களில் ஒளிந்திருக்கும். அளவை மூன்று இடத்தில் ஒன்றாக வையுங்கள்: ஃபைலில், பிரிண்ட் டயலாகில், பிரிண்டர் பேனலில்.

இ-ஸ்டாம்ப் தாளில் சான்றிதழுக்குக் கீழே மிஞ்சும் இடத்தில்தான் ஒப்பந்தம் தொடங்க வேண்டும். முதல் பக்கத்துக்கு மட்டும் செக்‌ஷன் பிரேக் போட்டு மேல் மார்ஜினைக் கூட்டுங்கள். ஸ்கேல் "ஃபிட்"டில் இருந்தால் பக்கம் சற்றே சுருங்கி, அளந்து வைத்த இடம் தவறும். 100 சதவீதம் அல்லது ஆக்சுவல் சைஸ் வையுங்கள். பார்கோடு லேபிளுக்கும் இதே விதி. முதலில் வெற்றுத் தாளில் ஒன்று எடுத்து, ஸ்டாம்ப் தாளோடு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஸ்டாம்ப் தாள் காசு எளிதில் திரும்ப வராது.

எழுத்துச் சிக்கலில் முதலில் கேட்க வேண்டியது, திரையில் சரியாக இருக்கிறதா என்பது. திரையிலேயே ஆங்கில எழுத்துக் குப்பையாக இருந்தால் அது பாமினி போன்ற பழைய ஃபான்டில் அடித்த தமிழ், அல்லது நுடி ஃபான்டில் அடித்த கன்னடம். அந்த ஃபான்டை இன்ஸ்டால் செய்தால்தான் வழி, பிரிண்டரைத் திட்டிப் பயனில்லை. வேர்டு ஃபைலாகக் கொண்டுவருபவரிடம் பிடிஎஃப் கேளுங்கள். திரையில் சரி, தாளில் மட்டும் கொம்பும் காலும் உதிர்ந்தால், பிடிஎஃபை நேரடியாக வாங்கிக்கொள்ளும் பிரிண்டராக இருக்கும். கம்ப்யூட்டர் பக்கத்தைப் படமாக்காமல் ஃபைலை அப்படியே அனுப்பியிருக்கும், பிரிண்டருக்குள் இருக்கும் சின்ன பிடிஎஃப் இன்ஜின் தடுமாறியிருக்கும். அடோபி ரீடரின் பிரிண்ட் டயலாகில் அட்வான்ஸ்டு, "படமாக அச்சிடு", 300 டிபிஐ. ஏ4 பக்கம் ஒன்று 2480 x 3508 புள்ளிகளாகப் போகும், கொஞ்சம் மெதுவாக வரும், எழுத்து குலையாது. மற்ற பிரிண்டர்களில் இது தேவைப்படாது. டிரைவர்லெஸ் முறையில் பக்கம் கம்ப்யூட்டரிலேயே படமாகிவிடுவதால், பிரிண்டர் தன்னிஷ்டத்துக்கு ஃபான்டை மாற்றும் பழைய வியாதிக்கு அங்கே வழியில்லை. தமிழ் அடிப்பவர்களுக்கு இந்த மாற்றத்தில் கிடைத்த பெரிய லாபம் இது.

புதிதாக வாங்குபவர்கள் எஸ்.பி. ரோட்டில் விலை பேசும் முன் பெட்டியில் ஏர்பிரிண்ட் அல்லது மோப்ரியா முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். "வைஃபை உண்டு சார்" என்பது போதாது. சில மாடல்களில் வைஃபை இருந்தும் கம்பெனி ஆப் வழியாக மட்டுமே அடிக்கும். முடிந்தால் ஈதர்நெட் போர்ட் உள்ளதாக எடுங்கள், மேலே சொன்ன வைஃபைத் தொல்லைகள் பாதி குறையும். கடையில் டெமோ மெஷின் இருந்தால் அதன் வைஃபை டைரக்டில் போனை இணைத்து, எந்த ஆப்பும் போடாமல் ஒரு போட்டோவைத் திறந்து பிரிண்ட் கொடுங்கள். ஆண்ட்ராய்டு 8-லிருந்து போனிலேயே பிரிண்ட் சர்வீஸ் இருக்கிறது. பட்டியலில் பிரிண்டர் பெயர் தெரிந்து, ஏ4 தேர்வும் வந்தால் வாங்கலாம். முதலில் ஆப்பை இறக்குங்கள் என்று கடைப் பையன் சொன்னால் அடுத்த மாடலைக் காட்டச் சொல்லுங்கள்.